மாமாவுக்கு ஆறு காட்டிய நாள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவன் "கலிங்கைத் தொறந்துட்டான்டா" என்று கேலி செய்வான். வகுப்பே சிரிக்கும். கரும்பலகைக்கு முன்னால் சாக்கட்டியோடு நிற்கும் நான் மட்டும் சிரிக்க முடியாமல் சுவரைப் பார்ப்பேன். ஏனென்றால் ஊர்க் கண்மாயின் கலிங்கைத் திறந்தவன் நான்தான். கணக்கு வாத்தியார் செய்த காரியத்தையே தப்புக் கணக்குக்குப் பெயராக வைத்திருக்கும் பள்ளிக்கூடம் இந்தத் திருச்சி ஜில்லாவில் வேறு இருக்காது.

என் பெயர் செல்லமுத்து. ஊர் நெடுங்கரைப்பட்டி. புதுக்கோட்டைக்குத் தெற்கே பஸ் பிடித்து, வெள்ளாற்றுக்கு ஒரு மைல் முன்னால் இறங்க வேண்டும். சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்த வருஷம் எனக்குப் பதினேழு வயது. சேர்ந்ததால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், வாத்தியார் பயிற்சிக்குத் திருச்சிக்கே போனதுதான். அங்கேதான் ரத்தினவேல் மாமா வீடு இருந்தது.

மாமா என் ஆத்தாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவருடைய அப்பா ஒரு பஞ்சத்து வருஷத்தில் எங்கள் ஊரை விட்டுக் கிளம்பி, காவிரிக்கரையில் போய்க் கூலிக்கு நின்று, பிறகு வாழைத்தோட்டம் வாங்கியவர். மாமாவுக்கு அமராவதி என்று ஒரே மகள். பயிற்சிக் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கேதான் சாப்பாடு. சாப்பாட்டுக்காகத்தான் போனேன் என்று முதல் ஆறு மாசம் நானே நம்பிக்கொண்டிருந்தேன். அமராவதி மோர் ஊற்ற வரும் வரை மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அத்தை கவனித்துவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் மாமா என்னைக் கரையில் நடக்கக் கூட்டிப்போவார். மறுக்க முடியாது. ஓடத்துறைப் படியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக விரல் நீட்டுவார். "இது பாலம். பார்த்தியா? அந்தா அக்கரையில அம்மா மண்டபம். பார்த்தியா? திரும்பிப் பாரு, மலைக்கோட்டை. இங்கிட்டு நின்னு பார்த்தாத்தான் அது முழுசாத் தெரியும். பார்த்தியா?" காவிரியைத் தானே வெட்டி, மலையைத் தானே தூக்கிவைத்தவர்போல் பேசுவார். பார்த்தேன் மாமா, பார்த்தேன் மாமா என்று இரண்டு வருஷம் நானும் தலையாட்டினேன். நடை முடியும் இடத்தில் கடைசி வார்த்தை ஒன்று எப்போதும் உண்டு. "ஒங்க ஊரு தண்ணியில்லாக் காடுப்பா."

பயிற்சி முடிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. ஆத்தா வெற்றிலை பாக்கோடு திருச்சிக்கு வந்து பெண் கேட்டாள். மாமா வெற்றிலையைத் தொடவில்லை.

"காத்தாயி, பையன் தங்கமான பையன். உத்தியோகமும் இருக்கு. இல்லேங்கல. ஆனா எம் பொண்ணு வாசல்ல எறங்குனா படித்துறை. அவளைக் கொண்டுபோயி கொடத்தை இடுப்புல வச்சிக்கிட்டு காட்டுல நடக்கவிட எனக்கு மனசு வல்ல" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆத்தா மெதுவாகப் பேசிச் சரிக்கட்டியிருப்பாள். ஆனால் கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்க ஊர்லயும் ஆறு இருக்கு மாமா. கரையில நடந்தா பாக்குறதுக்கு எம்புட்டோ இருக்கு."

"ஓடுதா?"

"ஓடுது."

"தையிலகூட ஓடுதா?"

"தையில நல்லாவே ஓடும் மாமா."

ஆத்தா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. தை பொறக்கட்டும். நானும் ஒங்க அத்தையும் வீடு பாக்க வாரோம். அப்படியே ஆத்தையும் பாக்குறோம். ஆறு ஓடிச்சுன்னா பொண்ணு ஒனக்கு. ஓடலேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுரணும்."

வெள்ளாறு மழை பெய்தால் மூன்று நாள் ஓடும். மற்ற நாளில் மணல்தான். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, அரை அடிப் பள்ளத்தில் சுரப்பதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். இதெல்லாம் தெரிந்தே ஓடுது என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

தை பிறந்தது. மழை இல்லை. மாமாவிடமிருந்து கார்டு வந்தது, வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருவதாக. மூன்று ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடந்து நாலாம் நாள் காலையில் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அந்த யோசனை பிறந்த நேரத்தைப் பிற்பாடு பஞ்சாங்கத்தில் பார்த்தேன், நல்ல ராகுகாலம்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு கலிங்கு உண்டு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் மேல் வழிந்து, ஓடை வழியாக வெள்ளாற்றில் போய் விழும். கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். மழை ஓய்ந்ததும் அந்தக் கற்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிடுவோம். அதனால் முழங்கால் அளவு தண்ணீர் கூடுதலாக நிற்கும். மேட்டுக்கால் வயல்களுக்கு அந்த முழங்கால் தண்ணீர் இருந்தால்தான் வாய்க்கால் ஏறும். அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் தப்பிப் பெய்த ஒரு மழையில் கண்மாய் தளும்பி நின்றது. நெல் பால் பிடிக்கும் நேரம். ஊரே கடைசித் தண்ணீருக்காகக் காத்திருந்தது.

மடைக்காரர் வீரய்யாவைப் போய்ப் பார்த்தேன். மடையைத் திறப்பதும் அடைப்பதும், கலிங்கைப் பார்த்துக்கொள்வதும் அவர் குடும்பத்துப் பொறுப்பு. அவருடைய மூன்று பிள்ளைகளும் என்னிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகையால் நான் சொல்வதெல்லாம் புத்தகத்தில் இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

"ரெண்டே ரெண்டு சந்து. ரெண்டே மணி நேரம். ரெண்டு விரக்கடைத் தண்ணிதான் கொறையும்" என்றேன். மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டும் காட்டினேன். கலிங்கிலிருந்து ஆறு வரை முக்கால் மைல். தண்ணீர் மணிக்கு மூன்று மைல் ஓடினால் கால் மணி நேரம். பதினொன்றுக்குத் திறந்தால் பதினொன்றேகாலுக்கு ஆற்றில் தண்ணீர். மாமா பார்ப்பார். ஒரு மணிக்கு அடைத்துவிடலாம்.

வீரய்யா கணக்கை மரியாதையாகப் பார்த்தார். "தண்ணி சொன்ன பேச்சுக் கேக்காதுங்களே வாத்தியாரே."

"கணக்குக்குக் கட்டுப்படாத தண்ணி உண்டா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

ஆறு தயார். அடுத்து, கரையில் பார்க்க வேண்டியவற்றைத் தயார் செய்ய வேண்டும். ஆற்று மேட்டில் ஆடு மாடு போய்ப்போய் விழுந்த தடம் ஒன்று உண்டு. இரண்டு நாள் தனியாக நின்று கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கினேன். கை இரண்டும் கிழிந்துபோயிற்று. கரையோரச் சாலை ரெடி.

வியாழக்கிழமை மாமாவும் பொன்னுத்தாய் அத்தையும் வந்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள். ஆத்தா ஊற்றுத் தண்ணீரை வெள்ளிச் சொம்பில் கொடுத்தாள். மாமா பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சரி, ஆத்தைக் காட்டு" என்றார்.

முதலில் படித்துறைக்குக் கூட்டிப்போனேன். யாரோ ஒரு புண்ணியவான் கட்ட ஆரம்பித்து, மூன்று படியோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாவது படிக்குக் கீழே மணல்.

"சமஸ்தான காலத்துப் படித்துறைங்க அத்தை."

"மூணே படிதான் இருக்கு?"

"ஆழம் கம்மிங்க."

அடுத்தது ஒரு கல்தொட்டி. ஆட்டுக்காரர்கள் தண்ணீர் காட்டும் தொட்டி. அதற்குக் கௌரவமாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். "ராஜா வேட்டைக்கு வந்தப்ப அவரு குதிரை தண்ணி குடிச்ச தொட்டி. பார்த்தீங்களா மாமா?" என்று அவர் மாதிரியே விரல் நீட்டினேன். அத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேரையும் அது முறைத்த முறைப்பில் நாங்கள் தள்ளிப் போய்விட்டோம்.

மூன்றாவது இடத்தை நான் யோசிக்கவே இல்லை. முள் வெட்டிய மும்முரத்தில், தடம் சுடுகாட்டு ஓரமாகப் போகிறது என்பதே மறந்துபோயிருந்தது. இரண்டு அரளிச் செடி பூத்திருந்ததைப் பார்த்து, "இது நந்தவனங்க" என்றேன்.

"நந்தவனத்துல எதுக்குய்யா ஒடஞ்ச பானை?" என்று கேட்டார் அத்தை.

 மாமா ஒவ்வொரு இடத்திலும் நிற்பார், பார்ப்பார், நடப்பார். திருச்சியில் அவ்வளவு பேசியவர் இங்கே வாயே திறக்கவில்லை. பதினொன்றேகால் ஆகிவிட்டது. ஓடை வந்து ஆற்றில் விழும் இடத்தில் ஒரு மருதமரம் உண்டு. அதன் நிழலில் உட்காரவைத்தேன். எதிரே கால் மைல் அகலத்துக்கு மணல் பளபளத்தது. நடுவில் அழகி என்கிற எங்கள் தெருக்காரியும் இன்னும் நாலு பெண்களும் ஊற்றைச் சுற்றிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறு எங்கப்பா?" என்றார் மாமா.

"இதுதான் மாமா."

"இது மணலு. ஆறு எங்க?"

"வரும் மாமா."

"வருமா!"

பதினொன்றரை. பன்னிரண்டு. ஓடையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. முக்கால் மைல் காய்ந்த ஓடை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் தொட்டிகள் தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் பார்க்கப் போவதுபோல் எழுந்து எழுந்து ஓடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். "ஒடம்புக்கு எதுவும் சரியில்லையாய்யா?" என்று அத்தை உண்மையான கவலையோடு கேட்டார்.

பன்னிரண்டேகாலுக்கு ஆறு வந்தது. முதலில் ஒரு நுரை. அதற்குப் பின்னால் வைக்கோல், ஆட்டுப்புழுக்கை, மிதந்து வந்த ஒரு வறட்டி, இரண்டு தவளை. அதற்கும் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். மணலில் நாக்கை நீட்டி நீட்டி முன்னேறியது. எழுந்து நின்று, திருச்சியில் அவர் நிற்கும் அதே தோரணையில், "பார்த்தீங்களா மாமா?" என்றேன்.

"ஏம்ப்பா, ஆறு இப்பத்தான் வருதா?"

"எங்க ஆத்துல மத்தியானத்துக்கு மேலதான் தண்ணி வரும் மாமா."

மாமா இறங்கிப் போய்க் குந்தினார். ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்தார். "கம்மாக் களிமண்ணு வாடை அடிக்குதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நான் பதில் தேடுவதற்குள் நடு மணலில் அழகி துள்ளி எழுந்தாள். மழை இல்லாத நாளில் ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் ஊர்க்காரருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். இதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. "ஆத்தீ, கம்மா ஒடஞ்சிருச்சு!" என்று அவள் கத்தினாள். ஐந்து பேரும் குடங்களைப் போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் பிடாரி கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தாமல் அடித்தது.

கண்மாய்க்கு ஆபத்து என்றால் அந்த மணியை அப்படி அடிப்பார்கள். அடித்தால் வீட்டுக்கு ஓர் ஆண் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். வராத வீட்டுக்கு அந்த வருஷம் தண்ணீர் கிடையாது.

"மணி எதுக்கு அடிக்குது?" என்றார் மாமா.

"உச்சிக்காலப் பூசைங்க."

மேட்டுத் தடத்தில், நான் முள் வெட்டிப் போட்ட அதே கரையோரச் சாலையில், ஆட்கள் ஓடிவந்தார்கள். தலையில் வைக்கோல் பிரி, தோளில் மண்வெட்டி, கையில் கூடை.

"பூசைக்கு எதுக்குய்யா இம்புட்டு மம்வெட்டி?" என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் ஆண் என்று நான் ஒருவன்தான். ஓடவில்லை என்றால் ஆத்தாவின் வயலுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போய்விடும். ஓடினால் மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். நின்று நிதானித்து ஒரு முடிவுக்கு வந்தேன் என்று எழுத ஆசைதான். கால் தானாக ஓடிற்று. திரும்பிப் பார்த்தால் மாமா என் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார்.

கலிங்கில் இரண்டு சந்து நாலாகியிருந்தது. தண்ணீர் பக்கத்து அடைப்புகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. வீரய்யா ஒரு சந்தில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையெல்லாம் ரத்தம். அறுபது பேர் இறங்கி வைக்கோலைத் திணித்து, மண்ணை மிதித்து, ஒரு மணி நேரத்தில் அடைத்தோம். நானும் மிதித்தேன். என் அளவுக்கு ஆவேசமாக அன்று யாரும் மிதிக்கவில்லை.

அடைத்து முடித்ததும் ஊர்த் தலைமை பார்க்கும் அம்பலம் நாகராசு கேட்டார். "இது தானா பேந்த அடைப்பு இல்லையே. ரெண்டு சந்துல மம்வெட்டி வெட்டு இருக்கு. யாரு செஞ்சது?"

நானாக முன்னால் வந்து ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வீரய்யா ரத்தக் கையை என் பக்கம் நீட்டி, "வாத்தியாரு கணக்குப் போட்டுச் சொன்னாருங்க" என்றுவிட்டார்.

"எதுக்குங்க வாத்தியாரே?"

அறுபது பேர் சேறும் சகதியுமாக என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார்.

"மாமாவுக்கு ஆறு காட்டுறதுக்கு" என்றேன்.

 யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிலர் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். நாகராசு சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். என் கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது என்று நினைத்தேன். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ராக்காயி. புருஷன் இல்லாதவள். அவள் வீட்டில் ஆண் இல்லை என்பதால் மணிச் சத்தத்துக்கு அவளே கூடையோடு வந்திருந்தாள். மேட்டுக்காலில் அரைக் காணி நிலம் வைத்திருந்தாள். கண்மாய்த் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கலிங்குக் கல்லில் இருந்த ஈரக்கோட்டில் பார்த்துவிட்டு, "எங்க வயலுக்கு இனிமே ஏறாதுல்ல?" என்று பொதுவாகக் கேட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அதுவரை இருந்தது வெட்கம். அப்போதுதான் அது வேறு ஏதோ ஆயிற்று. ஒரு பெண் மோர் ஊற்ற வருவாள் என்பதற்காக இன்னொருத்தியின் ஒரு வருஷத்துச் சோற்றை ஆற்றுமணலில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். அதை நினைத்து அழுகை வந்தது. வாத்தியார் அழக்கூடாது என்பதால் முகத்தைக் கழுவுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

நாகராசு தீர்ப்புச் சொல்ல யோசிக்கவே இல்லை. "ராக்காயி வயலுக்கு வாத்தியாரு எறச்சு விடட்டும்."

வாய்க்காலில் கீழாக ஓடும் தண்ணீரை மேட்டு வயலுக்கு ஏற்ற இறைகூடை உண்டு. இரண்டு பக்கமும் கயிறு. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, சேர்ந்தாற்போல் வீச வேண்டும். தனியாக ஒருவனால் முடியாது. வீரய்யாவின் கை ஆகாது. மற்ற மேட்டுக்கால்காரர்கள் தங்கள் வயலுக்கு இறைக்கவும், மிச்சப் பேர் கரையைப் பார்க்கவும் போய்விட்டார்கள். நான் ஒற்றைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தார். பட்டுக்கரை வேட்டியைத் தூக்கி இழுத்துச் சொருகினார். எதிர்ப்பக்கம் வந்து கயிற்றைப் பிடித்தார்.

"விருந்தாளிங்க, நீங்க எதுக்குங்க?" என்று பதறினாள் ராக்காயி.

"எங்கப்பன் இந்த ஊருதான். அவனுக்கும் மேட்டுக்காலுலதான் வயலு. கடைசித் தண்ணி ஏறாமத்தான் ஊரைவிட்டுப் போனான்" என்றார் மாமா. அதற்கு முன்னால் அவர் அதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

இறைத்தோம். கூடை போய் வந்தது. நூறு வீச்சு ஆயிற்று. எனக்கு மூச்சு இரைத்தது, அவருக்கு இல்லை.

"எம் பொண்ணு தண்ணிக்கு எம்புட்டு தூரம் நடக்கணும்?" என்று கூடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாமா..."

"படித்துறை, குதிரை, நந்தவனம் எதையும் சொல்லாத. தூரத்தை மட்டும் சொல்லு."

"ஒரு மைலு மாமா. போக ஒண்ணு."

"சித்திரையில?"

"அப்ப பக்கத்து ஊத்து வத்திரும். ஆத்தோட போயி, பாறைமடுவுல எடுக்கணும்."

"எம்புட்டு?"

"ரெண்டு மைலு" என்றேன்.

அவர் கயிற்றைத் தளர்த்தாமல் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வீசினார். சாயங்காலம் நாலு மணி வரை இறைத்தோம். ராக்காயி வயல் முக்கால்வாசி நனைந்தது. மாமா வரப்பில் மிச்சம் கசிந்த தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, அத்தையோடு பஸ் ஏறிப் போய்விட்டார். பெண் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அறுவடையில் ராக்காயிக்கு நனையாத கால்வாசி பதராய்ப் போனது. எங்கள் களத்திலிருந்து ஆத்தா நெல் அளந்து அனுப்பினாள். நான் கொண்டுபோகவில்லை, கொண்டுபோக முகம் இல்லை.

மாசி கடைசியில் கார்டு வந்தது. மாமா கையெழுத்து. "பிள்ளையிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். இரண்டு மைல் என்பதையும் சொன்னேன். இரண்டு நாள் சிரித்தது. மூன்றாம் நாள் சரி என்றது. எனக்கு மனசில்லை. அது சரி என்பதால் எழுதுகிறேன். ஐப்பசியில் நாள் பார்க்கவும்."

கல்யாணம் நடந்தது. பிறகு ஐப்பசி மழை, கார்த்திகை மழை. பக்கத்து ஊற்று சுரந்தது. அமராவதி ஒரு மைல் போய் ஒரு மைல் வந்தாள். முதல் மாசம் குடம் இடுப்பில் நிற்கவில்லை, தெரு முழுக்கத் தண்ணீர் சிந்திக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாசம் சிந்தவில்லை.

சித்திரை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு. பாறைமடுவுக்கு அவள் முதல் தடவை கிளம்பிய அன்று நானும் கூடப் போனேன். வழி காட்ட என்று சொல்லிக்கொண்டேன். அழகியும் மற்றவர்களும் முன்னால் போனார்கள். ஆற்று மணலில் நடந்தோம். அமராவதி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் நின்றாள்.

"நாலாயிரம் காலடி எண்ணியாச்சு, மைலுக்கு ரெண்டாயிரம். ரெண்டு மைலு வந்திருச்சே. மடு எங்கிட்டு இருக்கு?"

 "இன்னும் ஒரு மைலு" என்றேன்.

கண்மாய்த் தண்ணீரைப் பற்றி அறுபது பேர் நடுவில் உண்மையைச் சொன்னவன், அதே நாளில், இறைகூடையைப் பிடித்துக்கொண்டே ஒரு மைலை விழுங்கியிருந்தேன். அன்றைக்குச் சொன்ன பொய்களிலேயே பிடிபடாமல் போனது அது ஒன்றுதான். பிடிபடவே படாது என்றும் நினைத்திருந்தேன். பெண்டாட்டி நடந்துதான் தண்ணீர் எடுப்பாள் என்பதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்பாகிட்ட ரெண்டுன்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். மூணுன்னு சொன்னா ஒன்னையத் தரமாட்டாருன்னு பயம்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை, அழவும் இல்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மணல் முடிகிற பக்கமே பார்த்தாள்.

"மூணுன்னு சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன்" என்றாள்.

சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "திரும்பி வரயில அந்த ஒரு மைலு நீங்கதான் தூக்கணும். அது ஒங்களுது."

மடுவில் குடத்தை நிரப்பித் தோளில் தூக்கிவைத்தாள். ஆம்பிளை குடம் தூக்குவது எங்கள் பக்கத்தில் அன்று கேட்டறியாத விஷயம். அழகி முதலில் பார்த்தாள், பிறகு எல்லாரும் பார்த்தார்கள், சிரிப்பு ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டது. சட்டை நனைந்து, கழுத்து சுளுக்கி, ஒரு மைல் வந்து சேர்ந்தேன். அவள் பக்கத்திலேயே அடி எண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டாயிரம் ஆனதும் குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இது ஏழாவது சித்திரை. இன்றைக்குக் காலையிலும் தூக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.